அரை நொடி தாமதத்தில் பிடிபட்ட பின்கதவு

லினக்ஸ் என்ற இயங்குதளம் ஏன் பாதுகாப்பானது என்று யாராவது கேட்டால், பல வருடமாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். அதன் மூலநிரலை, அதாவது புரோகிராமர்கள் எழுதிய அசல் நிரலை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் எதையும் ஒளித்து வைக்க முடியாது. பதில் தப்பில்லை. ஆனால் 'படிக்கலாம்' என்பதற்கும் 'படிக்கிறார்கள்' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நான் அளந்து பார்த்ததில்லை. 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் என்ற கருவிக்குள் பின்கதவு இருந்தது தெரிந்து விவகாரம் வெடித்தபோதுதான் அந்தத் தூரம் கண்ணில் பட்டது.

மென்பொருளில் பின்கதவு என்றால் என்ன என்பதைப் புதியவர்களுக்குச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். வரையறை மட்டும் போதுமென்றால் இரண்டு வரியில் முடிந்துவிடும். தெரியாமல் நேர்ந்த தவறால் உண்டாவது ஓட்டை. ஒருவர் வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போகும் ரகசிய வழி பின்கதவு. முதலாவது, பூட்ட மறந்த வீடு. இரண்டாவது, கட்டிய கொத்தனாரே சுவரில் ஆள் நுழைய இடம் விட்டு, மேலே பூசி, வெள்ளையும் அடித்துவிட்டுப் போன வீடு. வாசலுக்கு எத்தனை திண்டுக்கல் பூட்டு போட்டாலும் அந்தச் சுவருக்கு அது தெரியாது.

சரி, கதைக்கு வருவோம்.

நாரும் வாசல்கதவும்

எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. ஜிப் மாதிரிதான், ஆனால் இன்னும் இறுக்கமாகச் சுருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலே இந்த வடிவத்தில் சுருக்கப்பட்டுத்தான் வெளியாகிறது. லினக்ஸின் ஒரு வகையான டெபியனில் நாம் நிறுவும் பொதிகளுக்குள்ளும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் நாரைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத வீடு கிடையாது, அதைப் பற்றிப் பேசும் வீடும் கிடையாது.

எஸ்எஸ்எச் அப்படியல்ல. தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்க உதவும் மென்பொருள் அது. லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் உள்ளே போய்வருகிறார்கள். அதாவது, சர்வரின் வாசல்கதவு. அதிகம் புழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதுவது ஓப்பன்பிஎஸ்டி குழு. பாதுகாப்பு விஷயத்தில் கறாரானவர்கள். அவர்களுடைய நிரலுக்குள் நேராகக் கை வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் தாக்கியவர்கள் வாசல்கதவை விட்டுவிட்டு நாரின் பக்கம் போனார்கள்.

நாருக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்? அசல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு சம்பந்தமும் இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற சில விநியோகங்கள் (லினக்ஸைத் தொகுத்து வழங்கும் அமைப்புகள்), எஸ்எஸ்எச் சேவை தயாராகிவிட்டது என்ற தகவல், சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டி-க்குப் போக வேண்டும் என்பதற்காக ஒரு சிறு ஒட்டு (பேட்ச்) போட்டிருந்தன. அந்த ஒட்டு லிப்சிஸ்டம்டி என்ற லைப்ரரியை, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பை, உள்ளே கூட்டிவந்தது. லிப்சிஸ்டம்டி தன்னோடு லிப்எல்இசட்எம்ஏ-வைக் கூட்டிவந்தது. அதுதான் எக்ஸ்இசட் திட்டத்தின் லைப்ரரி. கல்யாணத்துக்கு ஒருவரை அழைக்கிறோம், அவர் தன் சிநேகிதரையும் கூட்டிவருகிறார், அவரை வாசலில் நிறுத்தி யார் எவர் என்று கேட்கவா முடியும்? ஆனால் மென்பொருளில் இந்த விருந்தாளிக்குப் பந்தியில் இடம் மட்டும் கிடைப்பதில்லை, பெட்டிச் சாவியும் கைக்கு வந்துவிடுகிறது. ஒரே புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குள்) ஏறிவிட்ட எல்லா லைப்ரரிக்கும் ஒரே அதிகாரம்தான்.

இப்படி ஒன்றை நம்பி ஒன்று, அதை நம்பி இன்னொன்று என்று நீளும் வரிசையைத்தான் மென்பொருள் விநியோகச் சங்கிலி என்கிறார்கள். அதன் ஏதோ ஒரு கண்ணியில் நஞ்சு வைப்பது விநியோகச் சங்கிலித் தாக்குதல்.

களைத்துப்போன ஒரு மனிதர்

இந்தக் கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்த பகுதி நிரல் சம்பந்தப்பட்டதே அல்ல.

எக்ஸ்இசட்டை எழுதிப் பராமரித்து வந்தவர் லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர். பல ஆண்டுகளாக, சம்பளம் இல்லாமல், ஏறக்குறைய ஒற்றை ஆளாக. 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். எல்லாம் உருப்படியான, ஒழுங்கான திருத்தங்கள். 2022-இல் வேறு சில பெயர்கள் மின்னஞ்சல் குழுவில் முளைத்தன. ஜிகர் குமார் என்று ஒருவர், டென்னிஸ் என்ஸ் என்று ஒருவர். திருத்தங்கள் ஏன் இவ்வளவு தாமதமாகச் சேர்கின்றன, புதுப் பராமரிப்பாளர் வந்தால்தான் இந்தத் திட்டம் நகரும் என்று நச்சரிப்பு. ஜிகர் குமார் நமக்குப் பழகிய பெயராக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு ஆள் இருந்ததற்கான தடயம் இந்தக் கடிதங்களுக்கு வெளியே கிடைக்கவில்லை. அழுத்தம் கொடுக்கவே உருவாக்கிய போலிப் பெயர்கள் என்பதுதான் ஆராய்ந்தவர்களின் பொதுவான சந்தேகம்.

2022 ஜூனில் காலின் பதில் எழுதினார். ஆர்வம் போய்விடவில்லை, நெடுநாள் மனநலச் சிக்கல்களால் முன்போல கவனிக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்ற பொருளில். ஜியா டான் இனி பெரிய பங்கு வகிக்கக்கூடும் என்றும் சொல்லியிருந்தார். அதற்கு வந்த பதில்களில் ஒன்று, உங்கள் நிலைமைக்கு வருந்துகிறேன், ஆனால் உங்கள் எல்லையை நீங்கள் உணர வேண்டும் என்கிற ரகம். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டு, பரிமாற நேரமானதற்குச் சத்தம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொனி. இதில் வேதனை என்னவென்றால், அந்தத் தொனி திறமூல (ஓப்பன் சோர்ஸ்) உலகில் அன்றாடம் கேட்கிற ஒன்று. அதனால்தான் அது நடிப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

2023 மார்ச் முதல் புதிய பதிப்புகளை வெளியிடும் வேலையையே ஜியா டான் செய்யத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, அதன் பிறகுதான் கைவரிசை. திருட வந்தவன் இரண்டு வருடம் கடையில் ஒழுங்காக வேலை பார்த்து, கல்லாவில் உட்காரும் நம்பிக்கையைச் சம்பாதித்த மாதிரி. இத்தனை பொறுமை தனியொரு குறும்புக்காரருக்கு வராது, ஏதோ ஒரு அரசு பின்னால் இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிரூபணம் எதுவும் இல்லை. ஜியா டான் யார், ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

மொட்டைமாடியில் மிளகாய், மில்லில் தூள்

மூலநிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும்போது பின்கதவை எங்கே ஒளித்தார்கள்? இதுதான் தொழில்நுட்பரீதியாகச் சுவாரசியமான இடம்.

கொஞ்சம் மிளகாயை நினைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாயை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒவ்வொன்றாக எடுத்தும் பார்க்கலாம். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் இருக்கும் மூலநிரல் அதுதான். ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள் அப்போது மாடியில் இருந்து அள்ளிக்கொண்டு போகவில்லை. பராமரிப்பாளர் தயாரித்து, கட்டிக் கொடுத்த வெளியீட்டுப் பொதியை எடுத்தன. டார்பால் என்பார்கள். அது மில்லில் அரைத்து வந்த தூள். மிளகாயும் தூளும் பார்வைக்கு ஒன்றாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. பொதி தயாராகும்போது தானாக உருவாகும் சில ஃபைல்கள் அதில் கூடுதலாகச் சேர்வது வழக்கம். அதனால் வித்தியாசம் இருந்தால் யாருக்கும் புருவம் உயராது.

மில்லில்தான் ஒரு கைப்பிடி அதிகமாக விழுந்தது. மூலநிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டமைக்கும் வேலைக்கான ஸ்கிரிப்ட் ஒன்று பொதியில் திருத்தப்பட்ட வடிவில் இருந்தது, அந்தத் திருத்தம் களஞ்சியத்தில் இல்லை. ஆனால் அந்த ஸ்கிரிப்டில் பின்கதவு இல்லை. பின்கதவு வேறோர் இடத்தில், எல்லோர் கண்ணெதிரேயும், மாடியிலேயே கிடந்தது.

சுருக்கும் கருவியைச் சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்த ஃபைல்கள் தேவை. பழுதான ஃபைலைக் கொடுத்தால் கருவி தடுமாறி விழாமல் பிழை சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? அப்படிப்பட்ட சோதனை ஃபைல்கள் அந்தத் திட்டத்தில் எப்போதும் உண்டு. மனிதர் படிக்கக்கூடிய எழுத்து எதுவும் அவற்றில் இருக்காது. 2024 பிப்ரவரியில் ஜியா டான் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார். அழுகல் மிளகாய் என்று எழுதி ஓரமாக வைத்த கூடையை யார் கிளறிப் பார்ப்பார்கள்? அவற்றுக்குள்தான் பின்கதவு துண்டு துண்டாக இருந்தது. பொதியில் இருந்த ஸ்கிரிப்ட், கட்டமைக்கும் நேரத்தில் அந்தத் துண்டுகளைப் பிரித்தெடுத்து லைப்ரரிக்குள் தைத்தது.

அதுவும் எல்லா இடத்திலும் தைக்கவில்லை. அறுபத்துநாலு பிட் இன்டெல் வகைச் செயலியில் ஓடும் லினக்ஸ்தானா, டெபியன் முறையிலோ ரெட்ஹாட் முறையிலோ பொதி கட்டும் வேலை நடக்கிறதா என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் வேலையைக் காட்டியது. வீட்டில் சும்மா தொகுத்துப் பார்க்கும் ஆர்வலர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

தைத்து முடிந்தபின் என்ன ஆகும்? எஸ்எஸ்எச் சேவை, உள்ளே வர நினைப்பவர் தரும் சாவி சரியா என்று சோதிக்கும்போது அழைக்கும் ஒரு செயற்கூறைப் (நிரலின் ஒரு சிறு பகுதியை) பின்கதவு பிடித்துக்கொள்ளும். தாக்கியவரிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட கட்டளை வந்தால், லாகின் முடிவதற்கு முன்பே, முழு அதிகாரத்தோடு அதை இயக்கிவிடும். வேறு யார் தட்டினாலும் சாதாரணக் கதவாக நடந்துகொள்ளும். ஆக, பின்கதவு இருப்பது தெரிந்த இன்னொரு திருடனுக்கும்கூட அதனால் பிரயோஜனம் இல்லை. இந்தக் கைநேர்த்தியைப் பார்த்து எரிச்சலோடு கொஞ்சம் வியப்பும் வரத்தான் செய்கிறது.

பின்கதவோடு 5.6.0 பதிப்பு 2024 பிப்ரவரி 24 அன்று வெளிவந்தது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஏதோ கோளாறு காட்டுகிறது என்று புகார்கள் வந்தன. ஜியா டான் வேறு ஏதோ காரணம் சொல்லி, பின்கதவையே சீர்செய்து, மார்ச் 9 அன்று 5.6.1-ஐ வெளியிட்டார். அப்புறம் இதைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விநியோகங்களை வற்புறுத்தும் படலம்.

வேறு வேலையாக இருந்தவர்

ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் பொறியாளர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குகிறவர்களில் ஒருவர். பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல, அதை அவரே சொல்லிக்கொண்டார். தரவுத்தளத்தின் வேகத்தை நுணுக்கமாக அளப்பதற்காகத் தன் டெபியன் கணினியில் மற்ற இரைச்சலை எல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார். அப்போது எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட அதிகமாகச் செயலியைப் பயன்படுத்துவது தெரிந்தது. அதுவும் தவறான பயனர் பெயரோடு வந்து, உடனே விரட்டப்படும் இணைப்புகளுக்கு. இணையத்தில் இருக்கும் எந்தச் சர்வரையும் முன்பின் தெரியாத ரோபோக்கள் இப்படித் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அளந்தார். முன்பு 0.299 நொடி எடுத்த இணைப்பு இப்போது 0.807 நொடி எடுத்தது. அரை நொடி. நானாக இருந்தால் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போயிருப்பேன். அவர் அந்த நேரம் எங்கே போகிறது என்று தோண்டினார். லிப்எல்இசட்எம்ஏ-வுக்குள் போகிறது, ஆனால் எந்தச் செயற்கூறில் என்று கருவியால் பெயர் சொல்ல முடியவில்லை. சில வாரங்களுக்கு முன், பொதிகளைப் புதுப்பித்த பிறகு, போஸ்ட்கிரெஸ் சோதனையில் வால்கிரைண்ட் விநோதமாக முனகியது நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். முதலில் டெபியனின் பொதியைத்தான் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார். பார்த்தால் ஊற்றே கெட்டிருந்தது.

மார்ச் 29 அன்று விவரத்தைப் பொதுவில் எழுதினார். அன்று பெரிய வெள்ளிக்கிழமை. உலகமெங்கும் எத்தனை சர்வர் நிர்வாகிகளுக்கு அந்த நீண்ட விடுமுறை பாழானதோ. பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் சிவிஇ-2024-3094 என்ற எண்ணும், அபாய அளவில் பத்துக்குப் பத்தும் அதற்குக் கிடைத்தன.

அடுத்த சில நாள் செய்திகளில் லினக்ஸ் முழுக்கக் கவிழ்ந்துவிட்டது போன்ற தலைப்புகள். உண்மையில் பின்கதவு போய்ச் சேர்ந்தது டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோரா 40-இன் முன்னோட்டப் பதிப்பு, ராஹைட், ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட், காலி போன்ற புதுசு விரும்பிகளின் இடங்களுக்கு மட்டும்தான். ஆர்ச் லினக்ஸில் அந்தப் பதிப்பு இருந்தது, ஆனால் அவர்கள் எஸ்எஸ்எச்சுக்கு அந்த ஒட்டைப் போடவில்லை. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வரவே இல்லை. உபுண்டு 24.04-இன் பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. இன்னும் சில மாதம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் உலகத்தின் ஏராளமான சர்வர்களில் அது உட்கார்ந்திருக்கக்கூடும், அது வேறு விஷயம். பாதுகாப்புச் செய்தி எதைப் படித்தாலும் எந்தப் பதிப்பு, எந்தச் சூழலில், தாக்குபவருக்கு முன்கூட்டியே என்ன தேவை என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். மூன்றும் இல்லாத செய்தியை நான் பாதியில் மூடிவிடுவேன்.

ஆயிரம் கண்

மாரியம்மனைப் போலத் திறமூலத்துக்கும் ஆயிரம் கண் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நிறையப் பேர் பார்க்கிறார்கள், அதனால் எதுவும் தப்பாது என்று. எக்ஸ்இசட் விஷயத்தில் அந்த ஆயிரம் கண்ணும் லினக்ஸ் கெர்னலையும் ஃபயர்பாக்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தன. நாரை யாரும் பார்க்கவில்லை. இது முதல்முறையும் அல்ல. இணையப் பாதுகாப்பின் முதுகெலும்பான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் என்பதும் கூடவே வெளிப்பட்டது. நம்மூரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்தின் பந்தல் செலவுகூட அதைவிட அதிகம்.

அப்படியென்றால் மூடிய மென்பொருளே மேல் என்று சிலர் அப்போது எழுதினார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. 2020-இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருள் அப்டேட்டில் இதே மாதிரி பின்கதவு வைக்கப்பட்டது. நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு, சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போனது. அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் அடக்கம். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. ஃபிராயிண்டிடம் இருந்தது விசேஷ அதிகாரம் எதுவும் அல்ல. சந்தேகம் வந்ததும் மூடியைத் திறந்து, கடைசித் திருகாணி வரை பார்க்க அவருக்கு வழி இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. திறந்திருந்ததால் கதவு வைக்கப்படாமல் போய்விடவில்லை. ஆனால் திறந்திருந்ததால்தான் அந்த அரை நொடிக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிந்தது. என் பழைய பதிலை இப்போது இப்படித்தான் மாற்றிச் சொல்கிறேன். லினக்ஸில் ஒளிக்க முடியும், ஆனால் தேட வருகிறவரைத் தடுக்க முடியாது.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) எக்ஸ்இசட்டின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். 5.6.0 அல்லது 5.6.1 என்று வந்தால், விநியோகம் அதைத் தன் பங்குக்குச் சரிசெய்துவிட்டதா என்று பார்த்து, உடனே புதுப்பியுங்கள். எஸ்எஸ்எச்சை இணையத்துக்குத் திறந்துவைக்கத் தேவை இல்லை என்றால் மூடிவிடுங்கள். வேலைக்கு வைத்திருக்கும் கணினியில் நிலையான பதிப்பே போதும், புத்தம்புதியதை ருசி பார்க்க இன்னொரு கணினியை வைத்துக்கொள்ளலாம்.

பின்கதவு வெளியான பிறகு காலின் மீண்டும் வந்து, ஜியா டான் சேர்த்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். அந்த நாட்களில் அகப்பட்டது ஒரு புள்ளி. நிஜமாகவே ஒரு முற்றுப்புள்ளி. கட்டமைப்பு ஃபைல் ஒன்றில், ஒரு வரியின் தொடக்கத்தில், அச்சுப்பிழை போல உட்கார்ந்திருந்தது. அது இருந்தால் ஒரு சோதனை எப்போதும் தோற்கும். தோற்றால் எக்ஸ்இசட்டுக்குக் காவலாக இருக்கும் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு ஏற்பாடு சத்தமில்லாமல் அணைந்துவிடும். காலின் அந்தப் புள்ளியை எடுத்தார். பின்கதவு நீக்கிய 5.6.2 பதிப்பு 2024 மே 29 அன்று வெளிவந்தது, அவர் பெயரில்.